இதயத்துக்கும் ஒரு கணக்கு

நம் இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால், ஒரு நாளில் 103,680 முறை துடிக்கிறது. இத்துடிப்பைத் தொடங்கி வைப்பது எது?

அந்நாளில் தோட்டத்தில் பெரட்டு மணி அடித்ததும் லயங்களிலிருந்து ஆட்கள் புறப்பட்டதை நாம் அறிவோம். இதயத்திலும் அப்படியொரு மணி உண்டு. வலது மேலறையிலுள்ள சிறு திசுவிலிருந்து மின் அலை கிளம்புகிறது. முதலில் மேலறைகள் சுருங்குகின்றன. அலை நடுவே ஏறக்குறையப் பத்தில் ஒரு விநாடி தாமதிக்கிறது. அதற்குள் கீழறைகளில் இரத்தம் நிரம்பிவிடும். பிறகே கீழறைகள் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன.

ஒவ்வோர் இதயத் தசை அணுவிலும் நடப்பது உப்புகளின் போக்குவரத்துதான். சோடியம் உள்ளே பாய்ந்தால் மின் அலை எழும். கால்சியம் நுழைந்தால் தசை சுருங்கும். பொட்டாசியம் வெளியேறினால் அணு ஓய்வுநிலைக்குத் திரும்பும்.

1960இல் லண்டனில் டெனிஸ் நோபிள் என்பவர் சோடியம், பொட்டாசியம் ஓட்டங்களைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியிடம் கொடுத்தார். ‘துடி’ என்று எவரும் கட்டளையிடவில்லை. கணக்கிலிருந்தே சீரான துடிப்பு எழுந்தது! பின்வந்தோர் கால்சியத்தையும் தசைச் சுருக்கத்தையும் சேர்த்தனர். புதிய மருந்தொன்று இதயத் தாளத்தைக் குலைக்குமா என்று இன்று இக்கணக்கைக் கொண்டும் ஆராய்கின்றனர்.

கோலாலம்பூரில் 1992இல் தோன்றிய தேசிய இருதயக் கழகத்திலும், கிள்ளான் பொது மருத்துவமனையிலும் எடுக்கும் ஈ.சி.ஜி. கோடுகள் அம்மின் அலையின் சுவடுகளே.

ஆகவே நெஞ்சு இறுகி, வியர்த்து, மூச்சு வாங்கினால், ‘வாயுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே 999ஐ அழைப்போம். தாளம் தவறும்போது ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை.