வாங்கும் வழியும் அனுப்பும் வழியும்: கணினியில் தங்கிவிடும் மின்னஞ்சல்கள் குறித்து

டுரியான் துங்கால் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் அலுவலகக் கணினியைப் பார்த்துத் தருமாறு நமக்கு ஒருமுறை அழைப்பு வந்தது. பேச்சுப் போட்டிக்கு மூன்று மாணவர்களின் பெயர்களை ஆசிரியை ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். பத்து நாள் கழித்து ஏற்பாட்டாளரிடம் கேட்டபோதுதான், அம்மடல் போய்ச் சேரவே இல்லை என்பது தெரிந்தது. இறுதி நாள் கடந்துவிட்டது. மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்த்து, வீட்டாரிடமும் சொல்லி வைத்திருந்த மூன்று பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அவர் கலங்கி நின்றார்.

நடந்தது இதுதான். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் திரையில் ஆங்கிலப் பெட்டியொன்று தோன்றியது. அதிலிருந்த பல சொற்களில் ‘பாஸ்வேர்ட்’ என்பது மட்டும் கண்ணில் பட்டது. ஆசிரியை கடவுச்சொல்லை மூன்று முறை உள்ளிட்டார், பயனில்லை. இணையத்தளத்திற்குச் சென்று கடவுச்சொல்லையே மாற்றினார். திரும்பி வந்தபோது மின்னஞ்சல் மென்பொருள் மீண்டும் உள்நுழையச் சொன்னது, நுழைந்தார், புதிய மடல்கள் வரிசையாக வந்து விழுந்தன. சரியாகிவிட்டது என்று எண்ணி வகுப்புக்குப் போய்விட்டார். அவருடைய மடலோ ‘வரைவு’ உறையில் கிடந்தது.

அவர் கவனக்குறைவானவர் அல்லர். மடல் வருகிறதென்றால் மடல் போகவும் செய்யும் என்று நம்பினார். நம்மில் பலரும் அப்படித்தான் நம்புகிறோம். அந்த நம்பிக்கை ஏன் பிழையாகிறது என்பதை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடிதம் அனுப்ப எவரும் அடையாள அட்டை காட்டியதில்லை. அஞ்சல்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டால் போதும். அனுப்புநர் என்று எந்தப் பெயரை எழுதினாலும் பெட்டி அதைக் கேட்பதில்லை. ஆனால் மணியார்டர் பணத்தை வாங்கப் போனால் அட்டையும் வேண்டும், கையொப்பமும் வேண்டும். வாங்குவோரைச் சோதித்த அஞ்சல்முறை, அனுப்புவோரைச் சோதிக்கவில்லை.

மின்னஞ்சலும் அவ்வாறே பிறந்தது. ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் அனுப்பும் நெறிமுறையில் கடவுச்சொல்லுக்கு இடமே இல்லை. 1984-இல் வெளிவந்த பாப் என்னும் பெறும் நெறிமுறையோ, தொடக்கத்திலிருந்தே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. அன்றைய இணையம் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் சிற்றூர் போன்றது. அங்கே கதவு திறந்திருந்ததில் வியப்பில்லை.

1990-களில் அவ்வூர் பெருநகராயிற்று. மலேசியாவில் ‘ஜாரிங்’ இணைப்பு பரவியதும், முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ கொண்டு நம்மவர்கள் தமிழிலேயே மடல் எழுதத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். அதே காலத்தில் விளம்பரக் குப்பைமடல் அனுப்புவோர், கதவு திறந்து கிடந்த வழங்கிகளை, அதாவது சர்வர்களை, தேடிப்பிடித்து அவற்றின் வழியே இலட்சக்கணக்கில் மடல்களைத் தள்ளினர். முதலில் ஓர் ஒட்டுவேலை செய்தார்கள்: சற்றுமுன் கடவுச்சொல் தந்து மடல் பெற்ற கணினியைச் சில நிமிடங்களுக்கு நம்பி, அனுப்பவும் விடுவது. பின்னர் 1999 மார்ச்சில் அனுப்பும் நெறிமுறைக்கே அடையாளச் சோதனையைச் சேர்க்கும் விரிவாக்கம் வெளிவந்தது. ஆக, பெறும் வாசலுக்கும் அனுப்பும் வாசலுக்கும் பூட்டுகள் வெவ்வேறு காலத்தில் பொருத்தப்பட்டவை. தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்கள் இன்றளவும் இரண்டு வாசல்களுக்கும் தனித்தனி வழங்கிப் பெயர், தனித்தனிப் பயனர் பெயர், தனித்தனிக் கடவுச்சொல் என்று இரண்டு ஏடுகள் வைத்திருப்பதன் காரணம் இதுவே. ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாகத் திருந்தாது.

மொழி தொடர்பான ஒரு செய்தியையும் இங்குச் சொல்லியாக வேண்டும். ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு கருத்துகளுக்கு வழங்கிவருகிறோம். ‘நீ யார்’ என்று வழங்கி கேட்பது ஒன்று. ‘உனக்கு இதைச் செய்ய உரிமை உண்டா’ என்று கேட்பது மற்றொன்று. முன்னதை அடையாளச் சரிபார்ப்பு என்றும் பின்னதை அனுமதி என்றும் பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பள்ளி வாயிற்காவலர், ‘உங்களைத் தெரியவில்லை’ என்று தடுப்பதும், ‘உங்களைத் தெரியும், ஆனால் ஆசிரியர் அறைக்குள் நீங்கள் போகக்கூடாது’ என்று தடுப்பதும் ஒன்றா? முதல் நிலையில் அட்டையைத் தேட வேண்டும். இரண்டாம் நிலையில் எத்தனை அட்டை காட்டினாலும் பயனில்லை. (கடவு என்றால் வழி, மலாயில் ‘காத்தா லாலுவான்’ என்பதிலும் ‘லாலுவான்’ வழியையே குறிக்கிறது. இரு மொழிகளும் வழிச்சொல் என்றே பெயரிட்டன. வழியோ இரண்டு.)

இந்த வேறுபாட்டை வழங்கி எண்களால் சொல்கிறது. பிழைப்பெட்டியில் நாம் படிக்காமல் தள்ளிவிடும் மூன்றிலக்க எண்தான் அதன் உண்மையான பேச்சு. 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, பொறுத்திருந்து முயலலாம். 5-இல் தொடங்கினால், எதையேனும் மாற்றாமல் மீண்டும் அனுப்புவது வீண். 530 என்றால் அடையாளம் காட்டாமலே உள்ளே வந்தாய் என்று பொருள். பெரும்பாலும் மென்பொருளின் அமைப்பில் சரிபார்ப்பு முறை ‘இல்லை’ என்றிருக்கும். 535 என்றால் காட்டிய அடையாளம் ஏற்கப்படவில்லை. 534 என்றால் நீ கையாண்ட முறை போதாது, வேறு முறையில் வா. 550, 553 ஆகியவற்றில், நீ யாரென்று தெரிந்திருந்தும் இந்த முகவரியின் பெயரால் அனுப்ப உனக்கு உரிமையில்லை என்று சொல்லப்படுவதுண்டு. ஒரே கணினியில் பள்ளி முகவரியும் சொந்த முகவரியும் இருந்து, இரண்டும் ஒரே அனுப்பும் வழங்கியைப் பயன்படுத்துமாறு அமைந்துவிட்டால் இப்படி நேரும்.

எண்ணே வராமல் நெடுநேரம் சுழன்று நின்றுவிட்டால் அது கடவுச்சொல் சிக்கலே அன்று. வழங்கியை எட்டவே முடியவில்லை. வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் 25-ஆம் எண் போர்ட் அடைக்கப்பட்டிருக்கும். அது வழங்கிகள் தமக்குள் பேசும் வாயில். பயனர் அனுப்புவதற்குரியவை 587, 465 ஆகியவை. கணினியின் கடிகாரம் தவறான ஆண்டைக் காட்டினாலும் பாதுகாப்புச் சான்றிதழ் ஏற்கப்படாமல் இணைப்பு அறுந்துபோகும். பழைய கணினிகளில் இதை நாம் கண்டிருக்கிறோம். சிறிய மின்கலம் தீர்ந்ததே காரணம்.

535-க்கு வருவோம். பிழைப்பெட்டி கடவுச்சொல்லைக் குறை சொல்லும்போது முதலில் பார்க்க வேண்டியது பயனர் பெயரை. இன்று பெரும்பாலான வழங்கிகள் முழு முகவரியையும் எதிர்பார்க்கின்றன; பழைய அமைப்பில் ‘@’ குறிக்கு முன்னுள்ள பகுதி மட்டும் எஞ்சியிருக்கலாம். அடுத்து, சேமித்துவைத்த கடவுச்சொல். தண்டர்பேர்டில் அமைப்புகளுக்குள் தனியுரிமைப் பகுதியில் சேமித்த கடவுச்சொற்களின் பட்டியல் உண்டு. அதில் ‘ஐமேப்’ எனத் தொடங்கும் வரி பெறுவதற்கு, ‘எஸ்.எம்.டி.பி.’ எனத் தொடங்கும் வரி அனுப்புவதற்கு. அனுப்பும் வரியை மட்டும் நீக்கிவிட்டு ஒரு மடலை அனுப்பினால் மென்பொருள் புதிதாகக் கேட்கும். தமிழில் தட்டச்சு செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விசைப்பலகை தமிழ்முறையில் இருக்கும்போது கடவுச்சொல்லைத் தட்டினால், புள்ளிகளுக்குப் பின்னே ஒளிந்திருப்பது வேறெழுத்தாக இருக்கக்கூடும். நாமே இப்படி ஒரு மாலைப்பொழுதை இழந்தவர்கள். வேறொரு வெற்றுக் கோப்பில் அதே விசைகளைத் தட்டிப் பார்த்து, உடனே அழித்துவிடுவது நல்லது.

இவையெல்லாம் சரியாயிருந்தும் 535 வருமாயின், மாறியிருப்பது வழங்கியின் கொள்கை. கூகள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளிலும், மைக்ரோசாப்ட் 2024 செப்டம்பர் 16 முதல் அவுட்லுக் தனிநபர் கணக்குகளிலும், வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழையும் பழைய முறையை நிறுத்தத் தொடங்கின. அதற்கு மாற்றாக வந்தது ‘ஓ-ஆத்’ எனப்படும் முறை. இதில் மென்பொருளிடம் கடவுச்சொல் தரப்படுவதில்லை. நிறுவனத்தின் சொந்த உள்நுழைவுச் சாளரம் திறந்து, சரிபார்த்து, மென்பொருளுக்கு ஓர் அனுமதிச்சீட்டை வழங்குகிறது. சீட்டை வேண்டாத வேளையில் கிழித்துவிடலாம். கடவுச்சொல் வெளியே போகாது. இம்முறையை அறியாத பழைய மென்பொருளுக்கென, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிய கூகள் கணக்கில் 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றைப் பெறலாம். ஆனால் 2020 ஜூனில் தொடங்கிய கல்வியமைச்சின் ‘டெலிமா’ தளம்வழி ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றிருப்பவை நிருவாகி ஒருவரின் கட்டுப்பாட்டிலுள்ள கணக்குகள். அவற்றில் எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பது பயனரின் கையில் இல்லை. அங்கே மணிக்கணக்கில் அமைப்புகளை மாற்றுவதைவிட, உலாவிவழியே மடலை அனுப்பிவிட்டுப் பொறுப்பாளரைக் கேட்பதே அறிவுடைமை.

மீண்டும் அந்தப் பள்ளி அலுவலகம். கணக்கின் பெறும் பக்கத்தை யாரோ முன்பே ஓ-ஆத் முறைக்கு மாற்றியிருந்தனர். அதனால் மடல்கள் வந்தன. அனுப்பும் பக்கமோ ‘சாதாரணக் கடவுச்சொல்’ என்ற பழைய தேர்விலேயே நின்றிருந்தது. ஆசிரியை முதலில் தந்த கடவுச்சொல்லும் சரியே, மாற்றிய பின் வைத்ததும் சரியே. கணக்கு அமைப்புகளின் அடிப்பகுதியில் அனுப்பும் வழங்கிகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. அதுவரை அங்கே எவரும் இறங்கிப் பார்க்கவில்லை. ஒரு தேர்வை மாற்றினோம். உள்நுழைவுச் சாளரம் திறந்தது. வரைவு உறையில் கிடந்த மடல் அரை நிமிடத்தில் புறப்பட்டது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று அமைந்திருக்கும் ஊரில், அத்தனை அருகில் உதவி இருந்தும், பத்து நாள் எவரையும் கேட்கத் தோன்றவில்லையே என்று ஆசிரியை வருந்தினார். கடவுச்சொல்லைத் தாமே மறந்துவிட்டதாக நினைத்து வெட்கப்பட்டதாகவும் சொன்னார்.

போட்டியின் ஏற்பாட்டாளர் பட்டியலை மீண்டும் திறக்கவில்லை; திறந்தால் மற்றப் பள்ளிகளுக்கு நியாயமாகாது என்றார். அம்மூவரும் பள்ளி வாரச் சபைகூடலில் தங்கள் உரைகளை நிகழ்த்தினர். அலுவலகக் கணினியருகே இப்போது ஒரு குறிப்பேடு தொங்குகிறது. பிழைப்பெட்டி தோன்றினால் மூடுமுன் அதிலுள்ள எண்ணையும் வழங்கியின் பெயரையும் நாளையும் நேரத்தையும் அதில் எழுதுகிறார்கள்; பின்பு ‘அனுப்பியவை’ உறையைத் திறந்து மடல் அங்கிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.