குச்சியை மாத்திக் கலக்குங்க, சார்!

மூலிகை பெட்ரோல் ஞாபகம் இருக்கிறதா? வயசு முப்பதுக்குள் என்றால் அப்பாவைக் கேளுங்கள். 1996-ல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை தண்ணீரில் மூலிகையைப் போட்டு, உப்பு, எலுமிச்சை எல்லாம் சேர்த்து (கிட்டத்தட்ட ரசம்!) கலக்கு கலக்கென்று கலக்கினார். மேலே எண்ணெய் மிதந்தது. பற்றவைத்தால் எரிந்தது. நாடே வாயைப் பிளந்தது.

விஞ்ஞானிகளுக்கோ கலக்கின குச்சி மேல் ஒரு கண். உள்ளே குழாய், அதில் பெட்ரோலியச் சரக்கு, வாயில் மெழுகு அடைப்பு. சூட்டில் மெழுகு உருகினால் 'கண்டுபிடிப்பு' தானாக வெளியே வரும் என்றார்கள். ரசாயனக் கலவையை மூலிகை எரிபொருள் என்று விற்றதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 2016-ல் சென்னை நீதிமன்றம் மூன்று வருஷ தண்டனை விதித்தது.

ஆனால் ஓரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் வழக்கு இன்னும் முடியவில்லை. "படிக்காதவர்னு அமுக்கிட்டாங்க பாஸ்!" என்கிறார் அக்கவுண்ட்ஸ் நண்பர். தீபாவளி போனஸை, டீசலே குடிக்காத காந்த ஜெனரேட்டர் டீலர்ஷிப்பில் போடுவதாக ஐடியா. கண்டுபிடித்தவர் பத்தாவது ஃபெயிலாம். நண்பருக்கு அதுவே ஐ.எஸ்.ஐ. முத்திரை!

பட்டம் இருந்தால்தான் விஞ்ஞானி என்றால், பி.காம். படித்த நானே கொடி பிடிப்பேன். 1912-ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டில் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கெழுதிய குமாஸ்தா ராமானுஜன். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு காலேஜைத் தாண்டாதவர். 1913-ல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு லெட்டர் போட்டார். ஹார்டி டிகிரியைக் கேட்கவில்லை, நிரூபணத்தைக் கேட்டார். பகா எண்கள் பற்றி ராமானுஜன் எழுதியதில் சிலது தப்பு என்றுகூடத் தெரிந்தது. அதனால் என்ன? எல்லாமே காகிதத்தில் பகிரங்கமாக இருந்தது. தப்பு உதிர்ந்தது, மிச்சம் நின்றது. 1918-ல் எஃப்.ஆர்.எஸ். ஆனார்.

மறுபக்கமும் உண்டு. யான் ஹெண்ட்ரிக் ஷோன், ஜெர்மனியில் டாக்டர் பட்டம், அமெரிக்க பெல் லேப்ஸில் உத்தியோகம். வேறு வேறு சோதனைகளுக்கு ஒரே கிராஃபை ஒட்டியது எப்படியோ மற்றவர்கள் கண்ணில் பட, 2002-ல் வேலை போச்சு. டாக்டர் பட்டம் காப்பாற்றவில்லை.

நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஏரியா ஆசாமிகளுக்கு இது புதுசா? ஷாப் ஃப்ளோரில் பாகத்தைச் செய்தவர் ஐ.டி.ஐ.யா, எம்.டெக்.கா என்று கேஜுக்குத் தெரியாது. நைட் ஷிஃப்ட்டில் வேறு ஆள் அளந்தாலும் அதே அளவு வரணும். வண்டிகளைச் சோதிக்கவே ஓரகடத்தில் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. செய்தவனே 'சூப்பர்' என்று சொல்லிக்கொண்டால் போதும் என்றால் அத்தனை பெரிய இடம் எதற்கு?

ஆக, விஞ்ஞானி யார்? "என் குச்சி வேண்டாம், உங்க குச்சியாலேயே, நீங்களே கலக்கிப் பாருங்க" என்று தள்ளி நிற்பவர். அவர் எட்டாவதோ, எம்.எஸ்ஸி.யோ, எனக்குக் கவலையில்லை.

நண்பரிடம் சொன்னேன்: "ஜெனரேட்டரை ஒரு வாரம் நம்ம இடத்துல, நம்ம எலக்ட்ரீஷியன் முன்னாடி ஓடவிடச் சொல்லுங்க. ஓடினா நானும் பணம் போடறேன்."

கேட்டுவிட்டு வந்தார். "ஃபார்முலா லீக் ஆயிடுமாம் பாஸ்..."

போனஸ் இப்போது பேங்க்கில் பத்திரமாக இருக்கிறது.