நின்றுபோன பேரேடு

நம்மவர் வீடுகளில் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டரில்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு நள்ளிரவு இரண்டு மணிக்கு ஏன் போன் வருகிறது, விடியும்வரை யாரோடு இந்தியில் வாதாடுகிறான் என்பதெல்லாம் பெற்றோருக்குப் புரியாத சமாச்சாரம். டேட்டாபேஸ் பராமரிப்பில் பல வருடங்களைக் கழித்தவன் என்ற முறையில், அப்படிப்பட்ட போன் அழைப்புகளில் ஒரு வகையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸ் நின்றுபோவது அது.

பழைய மளிகை மண்டிகளில் கணக்குப்பிள்ளை இரண்டு புத்தகங்கள் வைத்திருப்பார். வியாபாரம் நடக்கிற வரிசையில் எழுதுவது குறிப்பேடு. பிறகு ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. பேரேடு மழையில் நனைந்தாலும் பழைய பிரதி ஒன்றும் குறிப்பேடுகளும் இருந்தால் மறுபடி எழுதிவிடலாம். ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸும் இதே கணக்குப்பிள்ளைதான். டேட்டா ஃபைல் அதன் பேரேடு. ரீடூ லாக் அதன் குறிப்பேடு. குறிப்பேடு ஒன்று நிறைந்ததும் அதைப் பிரதி எடுத்து ஆர்க்கைவ் என்னும் பரணில் போட்டுவிட்டுத்தான் அதே ஏட்டில் மறுபடி எழுத ஆரம்பிக்கும்.

ஆலையும் ஆஸ்பத்திரியும் இரவிலும் இயங்குகிறபடியால் பேரேட்டை மூடிவைத்துப் பிரதி எடுக்க முடியாது. கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரதி எடுக்க வேண்டும். அப்போது ஒரு பக்கத்தின் மேல்பாதி பழையதாகவும் கீழ்ப்பாதி புதியதாகவும் பிரதியில் விழக்கூடும். இதைச் சமாளிக்க ஆரக்கிளில் "பிகின் பேக்கப்" என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, ஃபைலின் முகப்பில் இருக்கும் கால முத்திரை அந்த நேரத்தோடு உறைந்துவிடும். மற்றொன்று, பேக்கப் முடிவதற்குள் எந்தப் பக்கத்தில் முதல் திருத்தம் விழுந்தாலும், திருத்திய வரியோடு நிற்காமல் முழுப் பக்கமும் குறிப்பேட்டில் ஏறும். பக்கம் 8 கிலோபைட் என்றால், ஒரே ஒரு எண்ணை மாற்றினாலும் அந்த 8 கிலோபைட்டும் போகும். முகப்புதான் உறைகிறதே தவிர, உள்ளே பேரேட்டில் எழுதுவது வழக்கம்போல நடந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு விஷயம் நம் தொழிலில் இருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

குறிப்பேடு இப்படி ஊதிப் பெருத்தால் பரண் நிறைந்துவிடும். பரணில் இடமில்லையென்றால் கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிடுவார். எழுதிக்கொண்டிருந்தவர்களின் திரைகள் அசையாமல் நிற்கும். புதிதாக உள்ளே வருபவர்களுக்கு ஓரா-00257 என்ற எண்ணோடு ஒரு செய்தி வரும். கணினி செத்துவிட்டது என்று அலுவலகம் அலறும். ஆனால் பரணில் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் அதுவே பேனாவை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கிவிடும். அணைக்கவே தேவையில்லை. குறிப்பில்லாமல் கணக்கு எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கணக்குப்பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன்.

2002ஆம் ஆண்டு அக்டோபர் 31, வியாழக்கிழமை. நவம்பர் 4 தீபாவளி. தானே - பேலாப்பூர் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து காலை ஆறு மணிக்கு எனக்கு அழைப்பு. பெயர் வேண்டாம். 1,100 பேருக்குச் சம்பளமும் போனஸும் அன்று பட்டியலாகி வங்கிக்குப் போக வேண்டும். முந்தைய இரவு போனஸ் கணக்கு ஓடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், எல்லா ஃபைல்களையும் ஒரே மூச்சில் பேக்கப் நிலையில் வைத்திருக்கிறார்கள். இரண்டு மணிக்குப் பரண் நிறைந்தது. டேப்பில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் செவ்வாய்க்கிழமை ஆர்க்கைவ் ஃபைல்களை யாரோ அழித்து இடம் பண்ணினார்கள். நாலு மணிக்கு மறுபடி நின்றது. வழக்கமான முறையில் மூடப் பார்த்தால், பேக்கப் நடக்கிறது, மூட மாட்டேன் என்று மறுத்தது. வீட்டிலிருந்த மேனேஜர், ஷட்டௌன் அபார்ட் கொடு, திரும்பக் கிளப்பு என்று போனில் உத்தரவிட்டார். கிளப்பினால் ஓரா-01113 வந்தது. முதல் ஃபைலுக்கு மீடியா ரெகவரி தேவை என்று அதற்கு அர்த்தம்.

அந்தச் செய்தியைப் படிக்கும் எவருக்கும் ஃபைல் நாசமாகிவிட்டது, டேப்பிலிருந்து பழையதை இறக்க வேண்டும் என்றுதான் தோன்றும். நான் போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை டேப் டிரைவில் இருந்தது. இரவுப் பணியில் இருந்தவன் கோவில்பட்டிப் பையன். கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, டேப்பிலிருந்து ஒரு ஃபைலாவது இறக்கியாச்சா?"

"இல்ல சார். மாட்டி மட்டும் வச்சிருக்கேன். மேனேஜர் வந்ததும் ஆரம்பிக்கச் சொன்னாரு."

"செவ்வாய்க்கிழமை ஆர்க்கைவ் எந்த டேப்பில் இருக்கு?"

தேடினோம். செவ்வாய் இரவு டேப் எழுதும்போதே பிழையோடு நின்றுபோயிருந்தது. ஆகவே அந்த ஃபைல்கள் வட்டிலும் இல்லை, டேப்பிலும் இல்லை. ஞாயிறு பிரதியை இறக்கியிருந்தால் குறிப்பேட்டின் துணையோடு செவ்வாய்வரைதான் வந்திருக்க முடியும். அதற்குப் பிறகு புதன்கிழமைக் கணக்கு கைவசம் இருந்தும் பயனில்லை. நடுவில் ஒரு ஏடு கிழிந்தால் அதற்கடுத்த ஏடுகளைச் சேர்க்க முடியாது. மேலே இறக்கும் பழைய ஃபைல், வட்டில் இருக்கும் ஃபைலையும் அழித்துவிடும். 'கெட்டுப்போனது' என்று எல்லோரும் நினைத்த அந்த 36 ஃபைல்கள்தான் முழுக் கணக்குக்கும் மிச்சமிருந்த ஒரே பிரதி.

டேப்பை வெளியே எடுக்கச் சொன்னேன். இருக்கிற நிலையை அப்படியே வேறொரு மெஷினுக்குப் பிரதி எடுத்தோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேனேஜர் பொறுமையிழந்து குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். மிச்சமிருந்த ஆர்க்கைவ் ஃபைல்களை அழிக்காமல் இன்னொரு வட்டுக்கு நகர்த்தினோம். பிறகு டேட்டாபேஸை முழுதும் திறக்காமல் மவுண்ட் நிலையில் மட்டும் நிறுத்தி, வி டாலர் பேக்கப் என்ற பட்டியலைப் பார்த்தோம். 36 ஃபைல்களுக்கும் நேரே 'ஆக்டிவ்' என்றிருந்தது. உறைந்த முகப்பைப் பார்த்து இது பழைய பிரதி என்று ஆரக்கிள் நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அது 8ஐ பதிப்பு. ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் சொல்லித் தனித்தனியே "எண்ட் பேக்கப்" கொடுக்க வேண்டும். பையன் பெயர்களைப் படிக்க, நான் தட்டினேன். பின்னர் வந்த 9ஐ பதிப்பில் ஒரே கட்டளையில் முடியும்.

பிறகு 'ஓப்பன்' என்று கொடுத்தோம். கணக்குப்பிள்ளை தன் கடைசிக் குறிப்பேட்டைப் புரட்டிச் சரிபார்க்கப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டார். திறந்தது. புதன் இரவு கடைசியாகப் பதிவான போனஸ் வரி அங்கேயே இருந்தது.

இதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. உடனே சம்பளப் பட்டியலை ஓட்ட வேண்டும் என்றார் கணக்கதிகாரி. ஆர்க்கைவ் சங்கிலி அறுந்திருந்தபடியால் அதுவரை எடுத்த டேப்புகளை நம்பி அன்றைய நிலைக்கு வர முடியாது. டேட்டாபேஸை மூடி முழுப் பிரதி எடுக்காமல் யாரையும் உள்ளே விட மாட்டேன் என்றேன். அவருக்கு என்மேல் கோபம் இன்றுவரை தீரவில்லை என்று கேள்வி. மூன்று மணிக்குப் பட்டியல் ஓட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை பணம் வங்கிக்குப் போயிற்று.

ஓரா-01113 வந்தாலே எண்ட் பேக்கப் கொடுத்துவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டேப்பிலிருந்து உண்மையிலேயே ஒரு பழைய ஃபைலை இறக்கிய பிறகு அந்தக் கட்டளையைக் கொடுத்தால், பழைய கணக்கின் மேல் புதிய முத்திரை குத்தியதாகிவிடும். பையனிடம் நான் முதலில் கேட்ட கேள்வி அதற்காகத்தான்.

ஆரக்கிள் 8 பதிப்போடு 1997இல் வந்த ஆர்மேன் என்ற கருவி இந்தத் தொல்லையே இல்லாமல் பேக்கப் எடுக்கும். அரைகுறைப் பக்கம் கண்ணில் பட்டால் அதுவே திரும்பப் படித்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் இதே மாதிரி ஒரு பழைய முறை இருந்தது. பேக்கப்பின் நடுவே மின்சாரம் போனால், 'பேக்கப் லேபிள்' என்ற ஒரு சின்ன ஃபைல் உள்ளே தங்கிவிடும். அதைக் கண்டு டேட்டாபேஸ் தன்னையே பழைய பிரதி என்று எண்ணிக்கொண்டு எழ மறுக்கக்கூடும். அந்த முறையை 2022இல் வந்த 15ஆம் பதிப்பில் எடுத்தேவிட்டார்கள்.

ஆனாலும் பழைய ஸ்கிரிப்டுகள் லேசில் சாவதில்லை. அப்படி ஒரு அலுவலகத்தில் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே மூன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். ஆர்க்கைவ் வட்டில் எவ்வளவு இடம் காலி, எந்த ஃபைல்கள் எத்தனை மணிக்குப் பேக்கப் நிலைக்குப் போகின்றன, அலமாரியில் அடுக்கியிருக்கும் டேப்புகளில் எது படிக்க வருகிறது.