சிலம்பு, பாதசரம், நிலவு

சென்ற கிழமை இப்பேச்சு ஒலிபரப்பான பின்னர் நேயர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. எட்டாந் தரத்திற் படிக்கும் பிள்ளையொன்றின் தாய் எழுதியது. “கதைகளில் வரும் குறியீடுகளின் பட்டியலை ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள், ஐயா. புறா என்றால் சமாதானம், தாமரை என்றால் தூய்மை என்பதுபோல. பிள்ளை பாடமாக்கிவிடுவான்” என்று கேட்டிருந்தார்.

அவர்மீது பிழை சொல்வதற்கில்லை. பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்துகிற எவரும் அப்படித்தான் கேட்பர். நானும் பல ஆண்டுகள் அத்தகைய பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன்தான். அதனால் வந்த வினையொன்றையும் இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் சில விளக்கங்கள்.

கதையில் ஒரு பொருளாகவே இருந்துகொண்டு, தன்னிலும் பெரிதான ஒன்றையும் உணர்த்தி நிற்பது குறியீடு. ஒரு பொருளோ சொல்லோ நிகழ்ச்சியோ கதை நெடுக மீண்டும் மீண்டும் வருமானால் அதை ஆங்கில விமரிசகர் ‘மோட்டிஃப்’ என்பர். வகுப்பில் நான் ‘திரும்பத் திரும்ப வருவது’ என்றே சொல்லிவிடுவேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது போதும். இவையெல்லாம் சேர்ந்து வாழ்க்கையைப் பற்றிக் கதை என்ன சொல்கிறதோ, அது கருப்பொருள்.

இந்தக் ‘கருப்பொருள்’ என்ற சொல்லால் ஒரு சங்கடம் உண்டு. தொல்காப்பியர் வழியில் முதல், கரு, உரி என்று படித்த பிள்ளைக்குக் கருப்பொருள் என்றால் அந்தந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் உரிப்பொருள்தான் நாம் இன்று கருப்பொருள் என்று வழங்குவதற்குக் கிட்டியது. பழைய கருப்பொருளோ இன்றைய குறியீட்டுக்கு அயலில் நிற்கிறது. உள்ளுறை உவமம் பிறப்பது அதிலிருந்துதான். தெய்வத்தை மட்டும் அதற்குக் கருவியாக்கலாகாது என்று விலக்கியும் வைத்தனர். ஆகவே, குறியீடு மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

அகநானூற்றின் 46ஆம் பாட்டு மருதத்திணைப் பாட்டு. அதில் எருமையொன்று இரவிலே கட்டை அறுத்துக்கொண்டு, வேலியைத் தள்ளி, குளத்தில் இறங்கித் தாமரையை மேய்கிறது. எருமையின் கதை போலத்தான் இருக்கும். உண்மையில் வீட்டைவிட்டுப் பரத்தையிடம் போய்வந்த தலைவனுக்குத் தோழி சொல்லும் மறுமொழியின் உள்ளே அந்த எருமை நிற்கிறது. எருமை யார் என்று பிள்ளைகளைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். அப்படியானால் தாமரை யார்? ‘தாமரை - தூய்மை’ என்ற பட்டியலை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டுக்குள் நுழைய வழியில்லை.

பட்டியலின் குறை இதுதான். ஒரு பொருளின் பொருளை அந்தக் கதை தீர்மானிக்கிறது. அதுவும் ஒரே கதைக்குள் இடத்துக்கு இடம் மாறும். இதற்குச் சிலப்பதிகாரத்தைப் போல் வாய்த்த உதாரணம் வேறில்லை. காப்பியத்தின் பெயரே குறியீடு. கோவலன் மாதவியிடம் போனபின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலே கண்ணகியின் பாதங்களில் சிலம்பில்லை. அங்கே இல்லாத சிலம்பு தனிமையைச் சொல்கிறது. செல்வமெல்லாம் இழந்து கோவலன் திரும்பி வந்து நிற்கையில் ‘சிலம்பு இருக்கிறது’ என்று கண்ணகி எடுத்துக் கொடுக்கிறாள். இப்போது அது புதுவாழ்வுக்கு முதல். மதுரையிலே பொற்கொல்லன் கையில் அதே சிலம்பு களவுக் குற்றமாகிறது. அரசவையில் உடைந்து, உள்ளேயிருந்த மாணிக்கம் தெறித்தபோது, தேவியின் சிலம்பில் இருந்தது முத்தென்று சொன்ன அரசனுக்கு முன் அது சாட்சியாகிறது. ஒரே சிலம்பு நான்கு பொருள் தருகிறது. ‘சிலம்பு எதன் குறியீடு?’ என்று ஒரு புள்ளி வினா கேட்கிறவருக்கு என்ன விடை எழுதுவது?

இன்னொன்றையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். சிலம்பு சோடிப் பொருள். ஒன்று விலைபோகக் கோவலனோடு சென்றது; மற்றதைக் கையில் ஏந்திக்கொண்டுதான் கண்ணகி வழக்குரைக்க வருகிறாள். கணவனை இழந்தவளின் கையில் சோடியிழந்த சிலம்பு. இளங்கோ இதை விளக்கிச் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

இந்தச் சோடி, பல நூற்றாண்டு கழித்து நம்மூர் மணலிலும் தொலைந்திருக்கிறது. இலங்கையர்கோன் என்னும் புனைபெயரில் எழுதிய த. சிவஞானசுந்தரம் (1915 - 1961), சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோருடன் ஈழத்துச் சிறுகதையின் முன்னோடியாகப் போற்றப்படுபவர். அவருடைய ‘வெள்ளிப் பாதசரம்’ கதையை இடைநிலை வகுப்புப் பிள்ளைக்குத் தயங்காமற் கொடுக்கலாம். புதிதாக மணமுடித்த இருவர் வல்லிபுரக் கோவில் திருவிழாவுக்குப் போகிறார்கள். கணவன் ஆசையோடு பாதசரம் வாங்கிக் கொடுக்கிறான். அதில் ஒன்று தொலைந்துபோகிறது. அவனுக்குக் கோபம்; அவளுக்கு அழுகை; பின்னர் இருவரும் கூடுகிறார்கள். கதை இவ்வளவுதான்.

பாதசரத்துக்குப் பதிலாக அவன் ஒரு சேலை வாங்கிக் கொடுத்து, அது தொலைந்திருந்தால் என்ன, என்று வகுப்பிற் கேட்பேன். “சேலை எண்டால் ஒண்டுதானே, சேர். முழுக்கத் துலைஞ்சிடும். இது ஒண்டு மிச்சம் கிடக்கு” என்றான் ஒருவன். அவன் ‘குறியீடு’ என்ற சொல்லைப் பாவிக்கவேயில்லை, ஆனால் பிடித்துவிட்டான். மிச்சம் கிடக்கிற ஒற்றைப் பாதசரத்தால் பயன் இல்லை, எறியவும் மனம் வராது. கோபித்துக்கொண்ட இருவரின் நிலையும் அதுவே. ஒரு பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. கதை அசையவில்லையென்றால் அது வெறும் பொருள்; கதை உடைந்தால் அதைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் குறியீடாக்கும் வியாதியும் உண்டு. கதையிலே பூனை வந்தால் பெரும்பாலும் அது பூனைதான்.

இனி நான் சொல்லவந்த வினைக்கு வருகிறேன்.

என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ 1951இல் ‘சுதந்திரன்’ பத்திரிகையில் வெளிவந்த கதை. மதுவிலக்குக்காக மேடையேறிப் பேசும் பெரியவர் ஒருவர். சீர்திருத்தவாதியென்று பெயர் பெற்றவர். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த சிலர் அவரைத் தேடி வீட்டுக்கு வருகிறார்கள். அவர் முகம் கோணவில்லை. உள்ளே வாருங்கள் என்று சொல்லவுமில்லை. நிலவு நன்றாக இருக்கிறது, வெளியே இருந்து பேசுவோம் என்று அழைத்துப் போய்விடுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதை எட்டாந் தரத்தில் வாசிப்பித்தேன். வழக்கம்போல் ‘நிலவு - குளிர்ச்சி, தூய்மை, அழகு’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் கொப்பியில் இறக்கிக்கொண்டிருந்தனர். பின்வாங்கிலில் இருந்து ஒருவன் எழும்பினான்.

“நிலவு ஒரு சாட்டு, சேர்.”

என்ன சொல்கிறாய் என்றேன்.

“எங்கட அம்மம்மா வேலைக்குப் போற வீட்டிலையும் மாமரத்துக்குக் கீழை வைச்சுத்தான் தேத்தண்ணி குடுக்கிறவை. அங்கை நல்ல காத்து வருமாம்.”

வகுப்பு அடங்கிப்போயிற்று. இரண்டொருவர் திரும்பி அவனைப் பார்த்தனர். பார்த்த விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் செய்தது என்ன? “சரி தம்பி, இரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போனேன். நாற்பது பிள்ளைகள் இருக்கிற அறையில் யார் பிள்ளை என்ன நினைக்கும், யார் வீட்டிலிருந்து நாளை யார் வருவார் என்ற பயம். அந்தப் பெரியவர் நிலவைக் காட்டினார். நான் அடுத்த வினாவைக் காட்டினேன். இரவு விடைத்தாள்களின் முன் இருந்தபோதுதான் இந்த ஒப்புமை எனக்கு உறைத்தது. அதன்பிறகு எந்தத் தாளிலும் கண் போகவில்லை.

மறுநாள் கரும்பலகையில் பட்டியல் எழுதவில்லை. முதல்நாள் எழுதியது பிழை என்று சொன்னேன். அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தவுமில்லை; வகுப்புக்கு முன் தன் வீட்டைப் பற்றி மீண்டும் பேசவைப்பது அவனுக்கு நான் செய்யும் இரண்டாவது அநியாயமாகியிருக்கும். வீடு, வாசல், உள்ளே, வெளியே என்று கதை சொல்லும் இடங்களையெல்லாம் பென்சிலாற் கோடிடுங்கள் என்றேன். கோடிட்டு முடிந்தபோது, இது நிலவைப் பற்றிய கதையல்ல, வாசற்படியைப் பற்றிய கதை என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே தெரிந்துவிட்டது. நிலவுக்குப் பதில் மாமர நிழலை வைத்தாலும் கதை நிற்கும். வாசற்படியை எடுத்தால் நிற்காது. நிலவின் அழகு பொய்யல்ல. அந்த அழகு எதற்குப் பயன்படுகிறது என்பதிலேதான் கதையின் கசப்பு இருக்கிறது.

பிறகு ஒரு பிள்ளை கேட்டது: “அப்ப அவர் மேடையிலை பேசினது பொய்யோ, சேர்?” அதிலே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. கள்ளன் என்றனர் சிலர். இல்லை, மேடையில் அவர் மனதாரத்தான் பேசியிருப்பார், வீட்டு வாசலுக்கு வந்ததும் பழக்கம் வென்றுவிட்டது என்றனர் வேறு சிலர். மணி அடித்த பின்னும் விறாந்தையில் நின்று வாதிட்டார்கள். கருப்பொருள் என்று நாம் கேட்கவேண்டியது இதைத்தான். ‘சாதிப் பாகுபாடு’ என்று இரண்டு சொல்லில் எழுதினால் அது தலைப்பு. அதைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதுதான் கருப்பொருள்.

பின்வாங்கிற் பிள்ளை அன்று வாய் திறக்கவில்லை. தவணைப் பரீட்சையில் இக்கதையின் கருப்பொருளை ஒரு வசனத்தில் எழுதும்படி கேட்டிருந்தேன். “தீட்டு எண்டு சொல்லாமலே தீட்டுப் பாக்கிறது” என்று பேச்சு வழக்கிலேயே எழுதியிருந்தான். இலக்கண வழு என்று கழிக்க இடமுண்டு. நான் கழிக்கவில்லை.

கடிதம் எழுதிய தாய்க்குப் பட்டியல் அனுப்பவில்லை. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். அங்கே ‘வெள்ளிப் பாதசரம்’ கதையைத் தேடி எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, பாதசரம் வருகிற இடங்களிலெல்லாம் பென்சிலாற் கோடிட்டுக்கொண்டு இருவருமாக ஒருமுறை வாசியுங்கள் என்று எழுதியிருக்கிறேன். பிள்ளை என்ன சொன்னான் என்பதை எழுதியனுப்பும்படியும் கேட்டிருக்கிறேன்.