சுவருக்கு ஏற்ற கொக்கி

கிடார் மாட்ட எந்தக் கொக்கி வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம், மாட்டப்போவது எந்தச் சுவரில் என்றுதான் நான் முதலில் கேட்பேன். கடையில் கிடைக்கிற கொக்கிகளில் பெரும்பாலானவை ஒரு கிடாரின் எடைக்கு வளையாது. சுவர் பெயர்ந்து ஸ்க்ரூவோடு கையில் வரும்போதுதான் கிடார் தரைக்குப் போகிறது. பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் புதுக் கிடாரோடு இதே கேள்வியைக் கேட்டு வந்தான். டீ குடித்துக்கொண்டே அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் கொள்ளேகாலில் ஒரே தெருவில் நாலு விதச் சுவர் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 வரை இந்தத் தாலுகா சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. அந்தக் காலத்து ஓட்டு வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. மண்சாந்து வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய கனமான சுவர்கள். மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்த பிறகு வந்த வீடுகளில் பெரும்பாலும் சுட்ட செங்கல், சிமென்ட் பூச்சு. 1997-இல், எங்கள் தாலுகாவும் அடங்கிய சாமராஜநகர் தனி மாவட்டமானது. அதற்கப்புறம் எழுந்த மாடி வீடுகளில் சிமென்ட் பிளாக்தான் அதிகம். புதுசாகக் கட்டுகிறவர்கள் சிலர் எடை குறைந்த வெள்ளை ஏ.ஏ.சி. பிளாக்குக்கும் போகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டி, ஒரே பெயிண்ட். உள்ளே இருப்பது வேறு வேறு.

உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது ஆரம்பம்தான். பூச்சு விட்டுப்போன இடத்தில் 'டொப்' என்று சத்தம் வரும், அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம், கொக்கியின் தகடு மறைக்கப்போகிற இடத்திலேயே 4 மி.மீ. பிட்டால் ஒரு சின்னத் துளை போடுங்கள். துளைக்குக் கீழே ஒரு காகிதத்தைப் பை மாதிரி மடித்து டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் பூச்சுத் தூள் விழும், சிமென்ட் என்றால் சாம்பல் நிறத்தில். 12 முதல் 20 மி.மீ. போனதும் தூளின் நிறமோ கரகரப்போ மாறும். அப்போது மெஷினை நிறுத்தி, பிட் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று டேப் சுற்றிக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் உங்கள் வீட்டுப் பூச்சின் கனம். அந்த அளவு எடை தாங்கும் கணக்கில் சேராது. பிறகு தொடர்ந்து துளையுங்கள். சிவப்புத் தூள் விழுந்தால் செங்கல். கரடுமுரடான சாம்பல் தூள் வந்து, பிட்டும் திணறினால் கான்கிரீட் அல்லது கெட்டி பிளாக். சாம்பல் தூள் வந்துகொண்டிருக்கும்போதே பிட் திடீரென்று உள்ளே பாய்ந்தால் ஹாலோ பிளாக், அதாவது நடுவில் வெற்றிடம். மாவு மாதிரி வெள்ளையாகக் கொட்டினால் ஏ.ஏ.சி. பழுப்பாக, ஈரப்பசையோடு உதிர்ந்தால் மண்சுவர். சிவப்பு வந்துகொண்டிருந்த செங்கல் சுவரில் நடுவே மறுபடி சாம்பல் வந்தால், இரண்டு செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்துக் கோட்டில் பிட் இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிப் போட்டால் சரியாகிவிடும்.

இவ்வளவு பார்ப்பது ஏன் என்று தம்பி கேட்டான், கிடார் அவ்வளவு கனமா என்று. கனமில்லை. அக்கூஸ்டிக் கிடார் ஒன்று சுமார் 2 கிலோ; எலக்ட்ரிக் 3.5 முதல் 4 கிலோ; பேஸ் கிடார் அதைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் கொக்கி சுவரை விட்டு 10 செ.மீ. அளவுக்கு வெளியே நீண்டிருக்கிறது. எடை அதன் நுனியில் இறங்கும்போது தகட்டின் கீழ் விளிம்பு சுவரை அழுத்துகிறது, மேல் ஸ்க்ரூ வெளியே இழுபடுகிறது. மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவே 6 செ.மீ. இருக்கிறதென்றால், 4 கிலோ கிடார் அந்த ஸ்க்ரூவைச் சுமார் 7 கிலோ விசையில் இழுக்கும். செங்கல்லுக்குள் ஒழுங்காக உட்கார்ந்த பிளக்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெறும் பூச்சில் நிற்கிற பிளக்குக்கோ, தினமும் கிடாரை எடுத்து மாட்டுகிற ஆட்டமே போதும், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவிடும். அந்தத் தகடு குட்டையாக இருக்கிற கொக்கிகளை நான் வாங்கச் சொல்வதில்லை. இரண்டு ஸ்க்ரூவும் மேலும் கீழுமாக, நல்ல இடைவெளியில் இருப்பதே நல்லது.

செங்கல் சுவர் வேலை சுலபம். 8 மி.மீ. பிட், 8 மி.மீ. நைலான் பிளக், 5 மி.மீ. ஸ்க்ரூ. பிளக்கைச் சுவர்ப் பரப்போடு நிறுத்தாமல், பூச்சைத் தாண்டி முழுக்கச் செங்கல்லுக்குள் போகும்படி தள்ளுங்கள். பூச்சு 15, பிளக் 40, தகடு 5 என்றால் 60 மி.மீ.க்குக் குறையாத ஸ்க்ரூ வேண்டும். கொக்கியோடு பாக்கெட்டில் வருவது பல சமயம் இதைவிடக் குட்டையாக இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு ஹார்டுவேர் கடையில் தனியாக வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை. கெட்டி பிளாக்குக்கும் இதே முறைதான். ஹாலோ பிளாக்கில் ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளைக்க வேண்டும், இல்லையென்றால் உள்பக்கம் சில்லு சில்லாக உடைந்து பிளக்குக்குப் பிடிப்பே இருக்காது. அங்கே போட வேண்டியது, முடுக்கும்போது பின்னால் முடிச்சாகச் சுருண்டுகொள்ளும் பிளக், அல்லது உள்ளே போய் இறக்கை விரிக்கிற போல்ட். ஏ.ஏ.சி.க்கு அதற்கென்றே அகலமான புரி வைத்த பிளக் விற்கிறது. சாதா பிளக் அதில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மண்சுவர்க்காரர்களுக்கு என் பதில் வேறு. மண்ணில் பிளக் நிற்காது. வீட்டில் மரத்தூண் இருந்தால் அதில் நேரடியாக ஸ்க்ரூ முடுக்கலாம். காய்ந்த பழைய மரம் கெட்டியாக இருக்கும், முதலில் 3 மி.மீ. துளை போட்டுக்கொண்டால் வெடிக்காது. தூண் இல்லையென்றால் உத்திரத்திலிருந்து ஒரு பலகையை இறக்கி அதில் கொக்கியைப் பொருத்தலாம். இரண்டும் முடியாத வீட்டில் தரையில் வைக்கிற ஸ்டாண்டுதான் சரி. அழகுக்காக அந்தச் சுவரைத் துளைத்துத் துளைத்துப் பாழாக்க வேண்டாம், அவ்வளவு குளிர்ச்சியான சுவரை இன்றைக்கு யாரும் கட்டித் தரப்போவதில்லை. பட்டு நெய்கிற ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடுகிறதென்றால் அந்தச் சுவரைத் தொடாதீர்கள். நாள் முழுக்க அதிர்கிற சுவரில் ஸ்க்ரூ தளர்வது நிச்சயம்.

"அண்ணா, நாள் பூரா தலையிலயே தொங்கினா கழுத்து இழுத்துக்காதா?" என்றான் தம்பி. பலருக்கும் இருக்கிற பயம் இது. இரும்புக் கம்பி கட்டிய ஒரு கிடாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் அந்தக் கழுத்தை எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. நைலான் கம்பி என்றால் சுமார் 40 கிலோ. அதைத் தாங்குவதற்காகவே செய்த கழுத்துக்கு, நேர்கீழே தொங்குகிற 2 கிலோ உடம்பு ஒரு சுமையே அல்ல. கடைகளில் கிடார்கள் மாதக்கணக்கில் அப்படித்தான் தொங்குகின்றன. கழுத்தை வளைப்பது ஈரப்பதம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிடார் செய்கிறவர்கள் காற்றில் 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் இருக்கும்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்று வறண்டுவிடும். செப்டம்பர், அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாட்டில் உப்பும். கிடாரின் மேல்பலகை லேசாக மேலெழும்பி, கம்பி உயர்ந்து, விரல் வலிக்கும். வறண்டால் சுருங்கும், கழுத்தோரத்தில் ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும், மோசமானால் பலகை விரிசல் விடும். ஒட்டுப்பலகைக் கிடார் இதையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மேல்பலகை முழு மரமாக இருக்கிற கிடார் பொறுக்காது.

பல நல்ல கிடார்களின் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் வருகிற மரம் நமக்குத் தெரிந்த மரம்தான். பிலிகிரிரங்கன் மலைக் காட்டில் வளர்கிறதே, அந்த ஈட்டி. பிரேசில் ஈட்டி கிடைப்பது கடினமானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அதற்கப்புறம் உலகெங்கும் நல்ல கிடார்களின் முதுகில் நம் பக்கத்து மரம் வந்து உட்கார்ந்துகொண்டது. 2017-இல் எல்லா வகை ஈட்டிக்கும் உலக வணிகக் கட்டுப்பாடு வந்தது, 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அப்படி அரிதாகிக்கொண்டு வருகிற மரம் உங்கள் சுவரில் தொங்குகிறது என்றால், சுவரைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் அக்கறை காட்டத்தான் வேண்டும்.

ஆகவே வெளிச்சுவர் வேண்டாம். மழை மாதத்தில் அது ஊறியிருக்கும், மேற்குச் சுவரென்றால் கோடையில் மாலை வரை கொதிக்கும். குளியலறையோடோ சமையலறையோடோ பொதுவாக இருக்கிற சுவரும் வேண்டாம். இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கிற உள்சுவர், ஜன்னல் வெயில் நேராக விழாத இடம், கதவு திறந்தால் இடிக்காத தூரம், இவை போதும். பக்கத்தில் ஒரு சின்ன ஈரப்பதமானி வைத்துக்கொள்ளுங்கள். முள் 40-க்குக் கீழேயே நிற்கிற வாரங்களிலும், 70-ஐத் தாண்டி இறங்காத வாரங்களிலும் கிடாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். சுவரில் இருக்கிற கிடாரைத்தான் கை அடிக்கடி எடுக்கிறது, அதற்காக மாட்டுவதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் வருடம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

குளவியையும் சொல்லிவிடுகிறேன். அக்கூஸ்டிக் கிடாரின் வாய் அதற்கு ஒரு நல்ல பொந்து. சில வாரம் தொடாமல் விட்டால் உள்ளே மண்கூடு கட்டிவிடும், பெயர்த்தெடுக்கும்போது உள்மரம் கீறல்படும். வாயை மூடுகிற ரப்பர் மூடி விற்கிறது. பல்லி எச்சத்துக்கு வாரம் ஒருமுறை துடைப்பதுதான் வழி.

கொக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிடாரைத் தாங்குகிற கவையின் இடைவெளி கழுத்தைவிட அகலமாகவும் தலையைவிடக் குறுகலாகவும் இருக்க வேண்டும். சாதாரண அக்கூஸ்டிக் கிடாரில் தலைக்குக் கீழே கழுத்து 43 மி.மீ. அகலம், நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிடாரில் 52 வரை போகும், அளந்துகொண்டு போங்கள். எலக்ட்ரிக் கிடாரில் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் இடவலமாகத் திரும்புகிற கவை வாங்குங்கள், இல்லாவிட்டால் கிடார் கோணலாக நிற்கும். எடையில் தானே மூடிக்கொள்ளும் பூட்டு வைத்தவையும் உண்டு, ஹெர்க்குலிஸ் செய்வது அப்படிப்பட்டது. சின்னப் பிள்ளைகள் ஓடுகிற வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன். கிடார் பழைய காலத்து நைட்ரோ லேக்கர் பூச்சு என்றால் கவையில் சுற்றியிருக்கிற ரப்பரும் ஃபோமும் அந்தப் பூச்சை இளக்கிக் கறையாக்கும். கவைமேல் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டால் கவலையில்லை.

துளைக்கும் முன் சுவிட்ச் போர்டு எங்கே என்று பாருங்கள். அதற்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் வயர் குழாய் ஓடும். உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. அந்தக் கோட்டிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் போடுங்கள், மெயினை அணைத்துவிட்டு பேட்டரி டிரில்லில் போட்டால் இன்னும் நல்லது. கிடார் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். கொக்கி தரையிலிருந்து 170 செ.மீ. உயரத்தில் இருந்தால், தலை கொக்கிக்கு மேலே போவதால் அடிப்பாகம் 80-க்கு மேலேயே நிற்கும், துடைப்பமும் நாற்காலி முதுகும் படாது. இரண்டு கிடாருக்கு நடுவே, கொக்கிக்குக் கொக்கி 45 செ.மீ. விடுங்கள். அக்கூஸ்டிக் உடம்பே 40 செ.மீ. அகலம் வரும். ஒரு கொக்கியின் இரண்டு துளையும் நேர்கோட்டில் இருக்க ரசமட்டம் வைத்துக் குறிக்கலாம். துளைத்ததும் உள்ளே இருக்கிற தூளை ஊதியோ பம்பாலோ வெளியே எடுத்துவிட்டுத்தான் பிளக் செருக வேண்டும். தூளோடு செருகிய பிளக் அன்றைக்கு இறுக்கமாகத் தெரியும், பிறகு வழுகும்.

பொருத்தியவுடன் கிடாரை மாட்டாதீர்கள். ஒரு துணிப்பையில் பத்து கிலோ அரிசி போட்டுக் கவையில் தொங்கவிட்டு, ஒரு இரவு அப்படியே இருக்கட்டும். காலையில் தகட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி வந்திருந்தால் பிளக் நகர்ந்திருக்கிறது. கழற்றி, வேறு இடத்தில் போட வேண்டும். இடைவெளி இல்லையென்றால் கிடாரை மாட்டலாம். வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்ததும் டிசம்பரில் ஸ்க்ரூவை ஒரு கால் சுற்று முடுக்கிப் பாருங்கள். திரும்பிக்கொண்டே போனால் அன்றைக்கே கிடாரை இறக்கிவிடுங்கள்.