ஒயில் மாற்றம்: எங்கே காசு மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலையே எட்ட முடியாத உயரத்துக்குப் போயிருந்தது. காலபோக நெல்லை விற்ற காசு, வங்கி லீசிங், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய பணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கார் வாங்கிய குடும்பங்கள் இன்று மன்னார் மாவட்டத்தின் அடம்பனிலும் உண்டு. வாங்கியது பெரும்பாலும் ஜப்பானில் ஓடிய வாகன் ஆர், அக்குவா, விட்ஸ் போன்ற ஒரு கார். அல்லது இந்தியாவிலிருந்து வந்த ஓல்ட்டோ.

வாங்கிய பிறகு வரும் முதல் செலவு ஒயில் மாற்றம். இதில் ஏமாறுவது எளிது. தேவையற்றதற்குக் காசு கொடுப்பவர் ஒருவகை. காசை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினைக் கெடுத்துக்கொள்பவர் இன்னொரு வகை. இரண்டுக்கும் இடையில் ஒரு நேரான வழி இருக்கிறது: ஒயிலில் சிக்கனம் பார்க்காதீர்கள், ஒயிலைச் சுற்றி வரும் மற்றச் செலவுகளில் பாருங்கள்.

ஒயில் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் பிஸ்டனும் கிராங்கும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அசைகின்றன. உலோகம் உலோகத்தைத் தொடாமல் இடையில் மெல்லிய படலமாக நிற்பது ஒயில். அதோடு சூட்டை எடுத்துச் செல்கிறது, கரியையும் நுண்ணிய தேய்மானத் தூளையும் தன்னுள் சுமக்கிறது, துரு பிடிக்காமல் காக்கிறது. இந்த வேலைகளைச் செய்ய ஒயிலில் சேர்க்கப்பட்ட இரசாயனங்கள் ஓட ஓடத் தீர்ந்துபோகும். ஒயில் கறுத்துப்போவது மட்டும் கெட்டதற்கு அடையாளமல்ல. அழுக்கை எடுத்துச் சுமக்கும் நல்ல ஒயிலும் கறுக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கிலோமீற்றரையும் மாதத்தையும் பாருங்கள்.

கானில் இருக்கும் எழுத்துகள்

கடையில் ஒயில் கானை எடுத்தால் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதானால் விரைவாக ஓடும். பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடாகி 100 பாகை செல்சியஸில் இருக்கும்போது உள்ள தடிப்பு. பனம்பாணி அடுப்பில் இருக்கும்போது தண்ணீராக ஓடி, ஆறியதும் இழுபடுவதைப் போலத்தான் ஒயிலும்.

"மன்னாரில் பனியா கொட்டுது? பூச்சியம் எண் எதற்கு?" என்று கடைகளில் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எஞ்சினின் கணக்கில் காலை 27 பாகையும் குளிர்தான். இரவு முழுவதும் நின்ற காரை இயக்கிய முதல் சில விநாடிகளில் ஒயில் மேலே ஏறி எல்லாப் பாகங்களையும் தொட வேண்டும். தேய்மானத்தின் பெரிய பங்கு அந்த நேரத்தில்தான் நடக்கிறது. அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் எஞ்சின் வழியெங்கும் நின்று நின்று தொடங்குவதால் மெல்லிய ஒயில் இன்னும் அவசியம். அந்தக் காரின் எஞ்சின் 0டபிள்யூ-20க்காக வடிவமைக்கப்பட்டது. ஒயில் வழிகளும் இடைவெளிகளும் அந்த அளவுக்கே அமைந்தவை.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தவறைச் சொல்ல வேண்டும். கட்டுக்கரைக் குளத்து நீரில் வயல் செய்யும் வீடுகளில் உழவு இயந்திரத்துக்கென வாங்கிய 15டபிள்யூ-40 டீசல் ஒயில் கான் எப்போதும் ஒரு மூலையில் இருக்கும். "இதுவும் நல்ல கம்பனி ஒயில்தானே" என்று அதைக் காருக்கு ஊற்றிவிடுகிறார்கள். அது டீசல் எஞ்சினுக்கு நல்ல ஒயில்தான். புதிய பெற்றோல் காருக்கு அது தடித்தது. பெற்றோல் கூடுதலாகச் செலவாகும். அதில் உள்ள சேர்மானங்கள் நாளடைவில் புகையைச் சுத்தமாக்கப் புகைக்குழாயில் இருக்கும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டரையும் பாதிக்கலாம். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடந்தோறும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். அதேபோல மோட்டார் சைக்கிள் ஒயிலைக் காருக்கும் கார் ஒயிலை மோட்டார் சைக்கிளுக்கும் மாற்றி ஊற்றக் கூடாது. மோட்டார் சைக்கிளின் கிளச் ஒயிலுக்குள்ளேயே ஓடுவதால் அதற்கு வேறு சேர்மானம் வேண்டும்.

அடுத்ததாக ஏ.பி.ஐ. என்ற வட்ட முத்திரையைப் பாருங்கள். பெற்றோல் எஞ்சின் ஒயிலுக்கு எஸ்.என்., எஸ்.பி. என்று தரம் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது எழுத்து அகரவரிசையில் பின்னால் போகப் போகத் தரம் புதியது. எஸ்.என். 2010இல் வந்தது, எஸ்.பி. 2020இல் வந்தது. 'சி' எழுத்தில் தொடங்குவது டீசலுக்கு உரியது.

உங்கள் காருக்கு எது என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் காரிடமே கேட்கலாம். பொனட்டைத் திறந்து ஒயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள். பல டொயோட்டா கார்களில் தடிப்பு எண் அந்த மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கைநூல் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் எண்கள் நமக்கு விளங்கும். ஓட்டுநர் கதவு ஓரத்திலோ பொனட்டுக்குள்ளோ ஜப்பானில் ஒட்டிய சிறிய ஸ்டிக்கர் ஒன்று இருக்கக்கூடும். கடைசியாக ஒயில் மாற்றிய திகதியும் மீற்றர் அளவும் அதில் இருக்கும். அந்த அளவையும் இப்போது மீற்றர் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். மீற்றர் குறைத்துவிடப்பட்டிருந்தால் சில வேளை அந்தச் சின்ன ஸ்டிக்கரே காட்டிக்கொடுக்கும்.

எப்போது மாற்றுவது

பாவித்த காரை வாங்கினால் முன்னைய உரிமையாளர் என்ன சொன்னாலும் முதலில் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அதுதான் உங்கள் கணக்கின் தொடக்கம். புத்தம் புதிய காரானால் உத்தரவாதக் காலத்தில் முகவர் சொல்லும் தவணையில் செய்து பில்லைக் கவனமாக வையுங்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதம் கேட்கும்போது வாதாட வேண்டிவரும்.

அதன் பிறகு எவ்வளவு தூரம்? இலங்கையில் வழக்கமாகச் சொல்லப்படுவது 5,000 கிலோமீற்றர். முழு சிந்தெற்றிக் ஒயிலும் நல்ல ஃபில்டரும் போட்டால் பல கார்களில் அதைவிடக் கூடுதலாக ஓட்ட முடியும். காரின் கைநூல் சொல்வதே எல்லை. ஆனால் கைநூலில் "கடினமான பாவனை" என்று தனியாக ஒரு தவணை உண்டு. சாதாரணத் தவணையில் அது ஏறத்தாழப் பாதி. சோளகக் காற்றில் கிரவல் ஒழுங்கைகளில் எழும் புழுதி, கொதிக்கும் வெயில், பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வரும் குறுந்தூர ஓட்டம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். நம் பக்கத்துக் கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான் ஓடுகின்றன. வாரத்தில் ஒருநாள் மட்டும் கார் எடுப்பவருக்குக் கிலோமீற்றர் ஏறாது. அவர் மாதத்தைப் பார்க்க வேண்டும். தூரமோ காலமோ, எது முந்துகிறதோ அதுவே தவணை.

பில்லைப் பிரித்துப் பாருங்கள்

ஒயில் மாற்றத்துக்கு உண்மையில் வேண்டியவை நான்கு: ஒயில், ஃபில்டர், வடிக்கும் நட்டுக்கு ஒரு சிறிய வொஷர், வேலைக்கூலி. வொஷர் மிக மலிவானது. கூலியும் பெரிதல்ல. பில்லின் பெரும்பகுதி ஒயில்தான்.

சேர்விஸ் ஸ்டேஷனில் "ஃபுல் சேர்விஸ்" என்று சொன்னால் பொடி வொஷ், அடிப்பக்கக் கழுவல், கிறீஸ், வாக்குவம், சில இடங்களில் எஞ்சின் ஃபிளஷ் எல்லாம் சேர்ந்துவிடும். கழுவுவதைக் கிணற்றடியில் நீங்களே செய்யலாம். தவணை தவறாமல் ஒயில் மாற்றும் காருக்கு ஃபிளஷ் தேவையில்லை. ஆகவே உள்ளே போகும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணை, ஒயிலும் ஃபில்டரும் மட்டும் மாத்தினாக் காணும். வேற ஒண்டும் வேண்டாம். எவ்வளவு முடியும் எண்டு முதல்ல சொல்லுங்கோ." இதைக் கேட்டு யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இன்னும் சிக்கனமான வழி, ஒயிலையும் ஃபில்டரையும் நீங்களே வாங்குவது. மன்னாரிலோ வவுனியாவிலோ வேறு வேலையாகப் போகும்போது இரண்டு, மூன்று கடைகளில் விலை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஊர்க் கராஜில் கூலி மட்டும் கொடுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஊரிலேயே இருந்தால் ஒயில் மாற்றுவதற்கென்றே பட்டணம் போகும் பெற்றோலும் மிச்சம்.

கானின் அளவிலும் காசு ஒளிந்திருக்கிறது. 660 சிசி வாகன் ஆருக்கு மூன்று லீற்றருக்கும் குறைவான ஒயிலே போதும். 1500 சிசி அக்குவாவுக்கு ஃபில்டரோடு 3.7 லீற்றர். நான்கு லீற்றர் கானை வாங்கி சிறிய எஞ்சினுக்கு ஊற்றினால் ஒரு லீற்றருக்கு மேல் மிஞ்சும். அது உங்கள் காசு. மூடியை இறுக்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இடையில் ஒயில் குறைந்தால் ஊற்ற உதவும். பலர் அதைக் கராஜிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

போலி ஒயில்: கவனம்

இலங்கையில் ஒயில் வியாபாரம் ஒருகாலத்தில் அரசின் கையில் இருந்தது. 1994இல் லங்கா லுப்ரிகன்ட்ஸ் கல்டெக்ஸின் கைக்குப் போனது. அந்தக் கம்பனிதான் பின்னர் செவ்ரோன் லுப்ரிகன்ட்ஸ் லங்கா ஆனது. பிறகு சந்தை பலருக்கும் திறக்கப்பட்டது. இன்று உரிமம் பெற்ற நிறுவனங்களே எஞ்சின் ஒயிலை இறக்கவும் கலந்து விற்கவும் முடியும். இந்தச் சந்தையைக் கவனித்து அரசுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. ஆனாலும் 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாய் வீழ்ந்து ஒயில் விலை எகிறிய பிறகு, மலிவாகக் கிடைக்கும் எதையும் வாங்கும் ஆசை கூடிவிட்டது. போலி செய்பவர் பிழைப்பது அந்த ஆசையில்தான்.

பெயர் தெரிந்த ஒயில் ஒரு கடையில் மட்டும் மிக மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, மூடிக்குக் கீழே சீல் இருக்கிறதா, தயாரித்த திகதியும் தொகுதி எண்ணும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா, விற்பனை முகவரின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் ஒயில் மலிவுதான். ஆனால் பீப்பாய்க்குள் என்ன இருக்கிறதென்று நீங்கள் பார்க்கப் போவதில்லை. வேலை முடிந்ததும் வெறும் கானைக் கத்தியால் கிழித்துவிடுங்கள். உங்கள் நல்ல கானில் நாளை வேறொருவருக்குக் கழிவு ஒயில் நிரப்பப்படக் கூடாது.

பில் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். முறைப்பாடு இருந்தால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பக்கத்தில் நின்று பாருங்கள்

எஞ்சின் இளஞ்சூடாக, கார் சமதரையில் நிற்க வேண்டும். கீழே உள்ள நட்டைக் கழற்றினால் ஒயில் முதலில் பாய்ந்து, பிறகு நூலாகி, கடைசியில் சொட்டும். சொட்டு நிற்கும்வரை பொறுக்க வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். தலைமன்னார், பேசாலைப் பக்கம் கடற்கரையில் ஓடும் காரானால் ஒயில் நிற்கும் சம்ப்பின் அடித்தகட்டில் துரு பிடித்திருக்கிறதா என்று அந்த நேரத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் இறப்பர் வளையமும் கூட வந்ததா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சில நேரம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் புதிய ஃபில்டரைப் பூட்டினால் இரண்டு வளையங்களுக்கு இடையால் ஒயில் பீறிட்டு, ஏ32 வீதியில் நடுவழியில் எஞ்சின் இறுகிவிடும். புதிய வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஒயில் தடவி, கையால் இறுக்கினால் போதும். வடிக்கும் நட்டுக்குப் புதிய வொஷர் போட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினிய சம்ப்பின் மரை போய்விடும்.

கானின் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடிந்ததும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடங்கள் பொறுத்து ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்துத் திரும்பவும் இட்டுப் பாருங்கள். மட்டம் இரண்டு குறிகளுக்கு இடையில், மேற்குறியை அண்டி நிற்க வேண்டும். மேற்குறியைத் தாண்டினாலும் கெடுதிதான். அதே கம்பியை மாதத்தில் இருமுறை வீட்டில் பாருங்கள். மாரியில் வெள்ளம் மூடிய வீதியைக் கடந்த பிறகு கம்பியில் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எஞ்சினை இயக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கழிவு ஒயில் வாய்க்காலுக்கல்ல

வீட்டில் தானே ஒயில் மாற்றுபவர்களுக்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள். ஒரு லீற்றர் கழிவு ஒயில் பத்து லட்சம் லீற்றர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்ற விகிதத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. அடம்பனில் வாய்க்கால் போகாத பக்கமில்லை. அந்த நீர்தான் வயலுக்கும் போகிறது. கறையானுக்கென்று வேலிக் கதியாலில் பூசுவதையும் கிணற்றடியில் செய்யாதீர்கள். பழைய கானில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜிலோ சேர்விஸ் ஸ்டேஷனிலோ கொடுத்துவிடுங்கள். சேர்விஸ் ஸ்டேஷன்கள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு உரிமம் பெற்று இயங்க வேண்டியவை; கழிவை முறையாக அகற்றுவது அவர்களது கடமை.

ஒயிலில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாயைப் பிறகு எஞ்சின் வேலைக்கு இலட்சக் கணக்கில் கொடுப்பது நட்டக் கணக்கு. இன்று மாலை பொனட்டைத் திறந்து ஒயிலின் தடிப்பு எண், தேவையான லீற்றர், இப்போதைய மீற்றர், அடுத்த தவணை நான்கையும் ஒரு தாளில் எழுதிக் காருக்குள் வையுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போகிறவரை ஏமாற்றுவது கடினம்.