தேவனும் தெயோஸும்

ஐரோப்பிய மொழிகளில் இறைவனைக் குறிக்கும் சொற்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பு மேலிடும். இலத்தீனில் ‘தேயுஸ்’, பிரெஞ்சில் ‘தியூ’, இத்தாலியத்தில் ‘தீயோ’, ஸ்பானியத்தில் ‘தியோஸ்’, லித்துவேனியத்தில் ‘தியேவாஸ்’. இவற்றைக் கேட்டதும் ‘தேவ’ என்னும் வடசொல் நினைவுக்கு வருவது இயல்பே. இவையனைத்தும் ஒருதாய் மக்கள் என்பதே மொழியறிஞர் முடிவு. ஒளிரும் வானத்தைக் குறித்த பழைய வேர்ச்சொல்லே அந்தத் தாய். ரிக் வேதத்தில் ‘த்யௌஸ் பிதா’ என வானத் தந்தை போற்றப்படுகிறார். ரோமானியரின் ‘ஜூபிடர்’ என்னும் பெயரும் அதே சொற்சேர்க்கையே.

கிரேக்கர் இறைவனைத் ‘தெயோஸ்’ என்றனர். தேவன், தேயுஸ், தெயோஸ் மூன்றும் ஒன்றே என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. ஆனால், தெயோஸ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ‘தசம்’, ‘தானம்’, ‘தேவன்’ ஆகியவற்றின் முதலெழுத்து, வடமொழித் த வருக்கத்தின் மூன்றாம் எழுத்து. புகையைக் குறிக்கும் ‘தூமம்’ தொடங்குவதோ நான்காம் எழுத்தில். கிரேக்கம் இவ்விரண்டையும் கலக்காமல் வெவ்வேறு எழுத்துகளால் காத்துவந்தது. தெயோஸ், தூமத்தின் வரிசையில் நிற்கும் சொல். இலத்தீனில் அந்த ஒலி சொல்லின் முதலில் ‘ஃப’ ஆகும். தூமம் அங்கே ‘ஃபூமுஸ்’. எனவே தெயோஸுக்கு உறவாக அறிஞர் காட்டுவது, கோயிலைக் குறிக்கும் ‘ஃபானும்’ என்ற சொல்லை. தேவனுக்குக் கிரேக்கத்தில் உண்மையான உறவு, வானத்தின் அதிபதியான ‘ஜீயஸ்’.

1786ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆற்றிய உரையில், வடமொழி, கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்றார் சர் வில்லியம் ஜோன்ஸ். அதன்பின் வளர்ந்த ஆய்வு உணர்த்தியது இதுவே: தோற்ற ஒற்றுமை உறவாகாது, ஒலிமாற்றம் ஒழுங்காக அமைந்தால்தான் உறவு.

அந்த ஒழுங்கைப் பின்பற்றினால், தோற்றத்தில் விலகி நிற்பவையும் உறவாகின்றன. ரஷ்ய மொழியில் இறைவன் ‘போக்’. செல்வத்தையும் பேற்றையும் குறிக்கும் ‘பக’ என்னும் வடசொல்லுக்கு அது உறவு. அந்தப் ‘பக’த்தை உடையவரே பகவான். பகிர்தல், பங்குகொள்ளுதல் எனப் பொருள்படும் அதே வேரிலிருந்துதான் ‘பக்தி’யும் ‘பஜனை’யும் பிறந்தன.

ஆங்கிலத்தின் ‘காட்’ இன்னும் வியப்பானது. நன்மையைக் குறிக்கும் ‘குட்’ என்னும் சொல்லோடு அது ஒத்துத் தோன்றினாலும், இரண்டின் வேர்களும் வேறு. ‘காட்’ என்பதற்கு அறிஞர் இரு மூலங்களைக் கூறுவர். ‘அழைக்கப்பட்டவர்’ என்பது ஒன்று. பலராலும் அழைக்கப்படுபவன் என்ற பொருளில் இந்திரனைப் ‘புருஹூத’ என வேதம் போற்றுவதில் உள்ள ‘ஹூத’ அதற்கு இணை. ‘ஆகுதி சொரியப்பெற்றவர்’ என்பது மற்றொன்று. ‘ஹோமம்’ என்ற சொல் அந்த வேரினது.

எந்த மூலம் சரியாயினும், அச்சொல்லுக்குள் இருப்பது வழிபடுவோரின் செயல். கூவி அழைத்தலும் நெய் சொரிந்து படைத்தலும் இன்றும் நம் வழிபாட்டில் நிகழ்பவை. ஒலி மயக்கத்தால் பொய்யுறவு கொண்டாடுவதைவிட, ஆய்ந்து கண்ட இந்த மெய்யுறவே நெஞ்சுக்கு நிறைவு தரும்.